யார் வீட்டு உறை?

காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் குக்கரும் கூவிக்கொண்டிருக்கும். என் வீட்டில் சத்தமே இருக்காது. நேற்று ராத்திரி தோய்ந்த தயிர் ஒரு கிண்ணம். அதில் ஏலக்கிப் பழம் இரண்டு, கத்தி படாமல் கையாலேயே பிய்த்துப் போட்டது. கொய்யா கிடைத்தால் பாதிக் கொய்யா, விதையை வழித்துவிட்டு. முந்தின இரவே தண்ணீரில் போட்டு வைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். ஒரு கல் உப்பு, ஒரு சிட்டிகை மிளகுத்தூள். இதைக் கலக்கிவிடக் கூடாது, கரண்டியால் இரண்டு தரம் புரட்டினால் போதும். கலக்கினால் தயிர் நீர்விட்டு மோராகிவிடும், பழம் அதில் திக்கற்று மிதக்கும். தர்பூசணி இதற்கு ஆகாது, வெறும் தண்ணீர். மாம்பழக் காலத்தில் உப்பும் மிளகும் வேண்டாம். சீத்தாப்பழக் காலத்தில், கொட்டை பொறுக்கப் பொறுமை இருந்தால், வேறு எதுவுமே வேண்டாம்.

பொங்கிப் போட ஆளில்லாமல் வாத்தியார் பச்சையாகச் சாப்பிடுகிறார் என்று தெருவில் பேச்சு. பாதி உண்மைதான். என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும்: எனக்கு இது பிடித்திருக்கிறது.

கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறது. மொட்டைமாடிக்குப் போனால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், மேற்கே மலை தெரியும். பஞ்சபூதத் தலங்களில் அது நெருப்பு. கார்த்திகையில் 2,668 அடி உச்சியில் கொப்பரை ஏற்றி நெய் ஊற்றிக் கொளுத்துவார்கள், பதினோரு நாள் எரியும். அவ்வளவு நெருப்பைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டு, அடுப்பே பற்ற வைக்காமல் காலை ஆகாரத்தை முடிக்கிற மனிதன் நான்.

எதிர்வீட்டு அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம். ராத்திரி சோறு தொட மாட்டார். பலகாரம்தான். பலகாரம் என்றால் நாலு இட்லி, தக்காளிச் சட்னி. நான் 35 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வடமொழியில் பலம் என்றால் பழம், ஆகாரம் என்றால் உணவு. பலாகாரம் என்பதுதான் நம் வாயில் பலகாரம் ஆயிற்று என்று விளக்கினேன். விரத நாளில் பழம் மட்டும் தின்றவர்கள் வைத்த பெயர். அது அரிசிக்கும் உளுந்துக்கும் இறங்கி, பிறகு எண்ணெய்ச் சட்டியில் விழுந்து, இப்போது தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமுமாக நிற்கிறது.

“அப்ப நீங்க துன்றதுதான் பலகாரம். நாங்க துன்றது?” என்றார்.

“டிபன்” என்றேன். ஒரு வாரம் பேசவில்லை.

பழத்துக்குச் சாத்திரத்தில் தொல்லை இல்லை. தொல்லை தயிருக்குத்தான். சமைத்து ஒரு யாமம் கடந்ததைத் தாமச உணவு என்று கீதையின் 17ஆம் அத்தியாயம் தள்ளிவைக்கிறது. மனு ஐந்தாம் அத்தியாயத்தில் புளித்ததெல்லாம் ஆகாது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அடுத்த சுலோகத்திலேயே விலக்கு வருகிறது: புளித்தவற்றில் தயிர் ஆகும், தயிரிலிருந்து வருவதெல்லாம் ஆகும், நல்ல பூ கிழங்கு பழங்களிலிருந்து எடுத்ததும் ஆகும். எனக்கும் மனுவுக்கும் ஒத்துப்போகிற இடங்கள் மிகக் குறைவு. இந்த இடத்தில் மட்டும் சிரித்துவிட்டேன். தயிர் இல்லாமல் அவருக்கும் சோறு இறங்கவில்லை போலிருக்கிறது. ஆனால் அந்த விலக்கு ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டுப் போகிறது. ஒரு பொருள் புளிக்கும்போது அது கெடுகிறதா, அல்லது வேறொன்றாக ஆகிறதா? கெட்டது என்றால் பழையது இல்லாமல் போயிற்று. ஆயிற்று என்றால் பழையது எங்கேயோ இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பாலையும் தயிரையும் போல வாகான உதாரணம் வேறு இல்லை என்பது நம் தத்துவக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பிரம்ம சூத்திரத்தில் ஒரு வாதம் வரும். குயவனுக்குச் சக்கரமும் தண்டும் வேண்டியிருக்கிறதே, கருவி எதுவும் இல்லாத பிரம்மம் எப்படி உலகமாகும் என்று ஒருவன் கேட்கிறான். பாலைப் போல, என்று இரண்டாம் அத்தியாயத்தில் சூத்திரம் பதில் சொல்லிவிடுகிறது. பால் தானே தயிராகவில்லையா? சங்கரர் உரை எழுதும்போது எதிராளியை எளிதில் விடுவதில்லை. பாலுக்கும் சூடு முதலியவை வேண்டுமே என்று கேட்க வைத்து, சூடு விரைவுபடுத்தத்தான் செய்கிறது, தயிராகும் தன்மை பாலுக்குள் இல்லாவிட்டால் சூட்டால் என்ன ஆகும், காற்றையும் ஆகாயத்தையும் சூடாக்கினால் தயிராகிவிடுமா என்று மடக்குகிறார்.

படித்தபோது கை தட்டினேன். பிறகு என் மனைவியின் குரலில் ஒரு சந்தேகம் வந்தது. சூடு முதலியவை சரி, அந்த ‘முதலியவை’க்குள் உறையை ஒளித்து வைத்துவிட்டாரே?

அடுப்பில்லாத ஆகாரம் என்று நான் மார்தட்டுவதிலும் இப்படி ஒரு ஒளிப்பு இருக்கிறது. காலையில் அடுப்பு எரியவில்லை, வாஸ்தவம். முந்தின நாள் சாயங்காலம் எரிந்தது. சொசைட்டியில் வாங்கிய அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி மூடினால்தான் காலையில் நான் துறவிபோல உட்கார முடியும்.

என் மனைவி பாலில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். சூடு தெரிய வேண்டும், விரலை எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் கணக்கு. புத்தகக் கணக்கில் 40 டிகிரிக்குச் சற்று மேலே. உறையில் இருக்கிற நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக விடுகின்றன. புளிப்பு ஏறி பி.எச். 4.6 பக்கம் வரும்போது கேசீன் என்கிற புரதம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிறது. பால் கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும், ஆறிப்போனால் தூங்கிவிடும். மார்கழியில் பாத்திரத்தைப் பழைய கம்பளித்துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் இறக்கி வைப்பாள். காலையில் திறந்து, பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். தயிர் அசையக் கூடாது. நான் பாடம் நடத்திய 35 வருஷத்தில் அப்படி ஒரு திருப்தியுடன் எந்த விடைத்தாளையும் மூடியதில்லை.

விளக்கு வைத்த பிறகு உறை கேட்டு யார் வந்தாலும் கொடுக்கக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்பது தெருவில் எழுதாத சட்டம். அவள் சட்டத்தையும் மீறமாட்டாள், வந்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். “ஒரு கறிவேப்பிலை கொத்தாவது கொண்டாந்து குடுத்துட்டு வாங்கிக்கோ” என்பாள். கொடுத்தால்தானே குற்றம், மாற்றிக்கொண்டால் வியாபாரம். லட்சுமியையே சட்டம் பேசி உட்கார வைத்தவள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று ஃபிரிட்ஜில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தயிர் இருந்தது. அன்று சாயங்காலம் முதன்முதலாக நானே பால் காய்ச்சி, சுண்டுவிரலை விட்டு, சுட்டுக்கொண்டு, உறை ஊற்றினேன். அன்றிலிருந்து தினமும். இது அவள் கைத்தயிர் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதைச் சாப்பிடத்தான் இந்தப் பழமும் மல்லாட்டையும். சோறு பொங்கினால் குழம்பு வேண்டும், குழம்பு வைத்தால் தயிர் கடைசிக்குப் போய்விடும். எனக்குத் தயிர் முதலில் வேண்டியிருந்தது.

ஒருநாள் ஃபோனில் இதை மகனிடம் சொல்லித் தொலைத்தேன். அவன் படித்தது நுண்ணுயிரியல். “அப்பா, அதுங்களுக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு தலைமுறைப்பா. அம்மா ஊத்துனது அன்னைக்கு ராத்திரியே செத்துப்போச்சு” என்றான். அப்புறம் அவனே பயந்துபோய், சாப்பிட்டீங்களா என்று பேச்சை மாற்றினான்.

அவன் சொன்னது புதிதல்ல. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் நாகசேனர் என்கிற பிக்கு மிலிந்தன் என்கிற யவன அரசனிடம் சொன்னதுதான். முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடைசி யாமத்தில் எரிந்த சுடரும் ஒன்றா? இல்லை. வேறு விளக்கா? அதுவும் இல்லை. பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் நெய்யானால் பாலும் நெய்யும் ஒன்று என்று சொல்லலாமா? கூடாது, ஆனால் பால் இல்லாமல் நெய் வந்திருக்காது. மனிதனும் அப்படித்தான், கைமாறிப் போகிற தொடர்ச்சியே தவிர உள்ளே மாறாத ஆள் என்று ஒருவன் கிடையாது என்கிறார். மலை உச்சியில் பதினோரு நாள் எரிவது ஒரே தீபமா என்று அவரிடம் கேட்டிருக்கலாம்.

ஆனால் அதே புத்தகத்தில் வேறொரு வழக்கு வருகிறது. எனக்கு அதுதான் முக்கியம். ஒருவன் இடையனிடம் ஒரு குடம் பால் விலைக்கு வாங்கி, அவனிடமே வைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போகிறான். மறுநாள் வந்தால் குடத்தில் தயிர். நான் வாங்கியது பால், எனக்குப் பாலைக் கொடு என்கிறான். இடையன், உன் பால்தானப்பா தயிராயிற்று என்கிறான். அரசே, யார் பக்கம் நியாயம்? இடையன் பக்கம் என்கிறான் மிலிந்தன். பாலும் தயிரும் ஒன்றல்ல என்று வாதாடிய அதே நாகசேனர், வழக்கு என்று வந்ததும் தயிரை எடுத்துக்கொண்டு போ என்றுதான் தீர்ப்பு வாங்குகிறார். முற்பிறவி வினையை இப்பிறவியில் வேறொருவனா அனுபவிக்கிறான் என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொன்ன கதை.

இதே மாதிரி ஒரு வழக்கு எங்கள் பக்கத்திலும் நடந்திருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர். அம்பாள் வெண்ணெயால் கோட்டை கட்டித் தவமிருந்த ஊர் என்று தலபுராணம். பால் சமாசாரம் அங்கேயும் விடவில்லை. சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கிற பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, உன் பாட்டன் எனக்கு அடிமை எழுதிக் கொடுத்திருக்கிறான், அவன் மட்டுமில்லை, அவன் வழிவந்தவர்களும் அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. ஊரவையில் பாட்டனின் வேறொரு கையெழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்துக் கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. பாட்டன் பெயரும் ஆரூரன், பேரன் பெயரும் ஆரூரன். பெயரன் என்பதுதானே பேரன்? பால் எழுதிக்கொடுத்ததற்குத் தயிர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெய்கண்டாரும் அதே வெண்ணெய்நல்லூர்க்காரர்தான், 13ஆம் நூற்றாண்டு. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பிரிக்கிற சைவ சித்தாந்தம் அவர் வழி வந்தது. அதன்படி பால் மட்டும் போதாது, உறை மட்டும் போதாது, ஊற்ற ஒரு ஆள் வேண்டும். என் மனைவி எந்தச் சாத்திரமும் படிக்காத சித்தாந்தி.

மலையடியிலேயே ஒன்று நடந்திருக்கிறது. ரமணருக்குக் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த ஒரு பாட்டி இருந்தார், கீரைப்பாட்டி என்றே பெயர். 1926இல் ஆசிரமத்துக்குக் கன்றுக்குட்டியாக வந்த பசு லட்சுமி அந்தப் பாட்டியேதான் என்று பக்தர்கள் நம்பினார்கள். 1948 ஜூன் 18ஆம் தேதி லட்சுமி உயிர்விட்டபோது சமாதி கட்டினார்கள், இன்றும் பார்க்கலாம். கீரை கொடுத்தவள் திரும்பி வந்து பால் கொடுத்தாள் என்பது கணக்காக நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது வேறு. பாட்டிதானா இல்லையா என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாட்டியைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். மகன் சொன்ன அரை மணித் தலைமுறைக்கு என் பதிலும் ஏறத்தாழ அதுதான். தயிருக்குள் அவள் எதுவும் இல்லை என்பது சரி. சாயங்காலமானால் பாலில் விரலை விடு என்று என்னைக் கட்டிப்போட்டிருக்கிறதே ஒரு கடன், அது அவளுடையது. படியோலை எத்தனை கிழிந்தாலும் அது தீராது.

இப்படி நிம்மதியாக இருந்தவன்தான் போன ஆவணியில் பன்னிரண்டு நாள் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். இங்கே கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். கிண்ணத்துத் தயிரின் மேல் ரோஜா நிறத்தில் பூஞ்சை. முகர்ந்துகூடப் பார்க்க முடியவில்லை. கெட்டதா ஆனதா என்று மனுவிடம் கேட்டுக்கொண்டிருக்க இடமே இல்லை. கொல்லையில் வாழைக்கடியில் கொட்டிவிட்டு, கிண்ணத்தை ரொம்ப நேரம் தேய்த்தேன்.

யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை. எதையோ படித்திருந்த ஞாபகத்தில், வெதுவெதுப்பான பாலில் பச்சைமிளகாய்க் காம்பு ஏழெட்டைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தேன். காம்பில் ஒட்டியிருக்கிற நுண்ணுயிரே போதுமாம். மறுநாள் தோய்ந்திருந்தது. கொஞ்சம் கொழகொழவென்று, ஆனால் தயிர்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. தொடர்ச்சி, கடன் என்று எவ்வளவு பேசியிருக்கிறேன்! எந்த வீட்டுச் சம்பந்தமும் இல்லாமல் ஒரு மிளகாய்க் காம்பு அதே வேலையைச் செய்துவிட்டது. சங்கரர் எங்கோ சிரித்திருப்பார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாவிடம் வாய்தவறிச் சொன்னேன். கத்தினார். “என்னா சார் நீங்க! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? எங்க சின்னது கல்யாணத்தப்ப, வந்த ஜனத்துக்கு இருந்த தயிரெல்லாம் தீந்துபோய், அக்காகிட்டதான் உறை வாங்கியாந்தேன். இன்ன வரைக்கும் எங்க ஊட்ல ஓடறது அக்கா ஊட்டு உறைதான். மூணாவது ஊட்டுக்கும் அதான் போயிருக்குது.” இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: “அதுக்கு முன்ன ஒருக்கா அக்கா எங்க ஊட்லதான் வாங்கிச்சு. அக்கா மாசமா இருந்தப்போ, தாய் ஊட்டுக்குப் போய்ட்டு வந்துச்சே.”

ஆக, என் வீட்டுத் தயிரே அவர் வீட்டுத் தயிர். அவர் வீட்டுத் தயிர் என் வீட்டுத் தயிர்.

அன்று ராத்திரி ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளரில் பால் ஊற்றினேன். ஒன்றில் மிளகாய்க் காம்புத் தயிர் ஒரு கரண்டி. இன்னொன்றில் எதிர்வீட்டில் வாங்கியது, அதாவது அவளுடையது. அதற்கு அடையாளமாக மூடிமேல் ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் நான் எழுந்திருக்கும் முன்பே வந்துவிட்டாள். மேடையைத் துடைக்க டம்ளர்களை நகர்த்தியிருக்கிறாள், கரண்டியைத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறாள்.

இரண்டையும் சாய்த்துப் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை. காம்புத் தயிரின் கொழகொழப்பு இரண்டாம் முறையில் போய்விட்டது. முகர்ந்தேன். தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, பழமில்லாமல், உப்பில்லாமல், வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் சாப்பிட்ட தயிர் இது. வெண்ணெய்நல்லூர் அவைக்குக் கையெழுத்தை ஒப்பிட இன்னொரு ஓலை கிடைத்தது. எனக்கு நாக்கு ஒன்றுதான் சாட்சி, அது நடுக்கூட்டத்தில் பல்டி அடித்துவிட்டது.

அன்றைக்குப் பழம் பிய்த்துப் போடவில்லை. சும்மாவே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பால் காய்ச்சி, விரலை விட்டு, இதிலிருந்து அரைக் கரண்டியும் அதிலிருந்து அரைக் கரண்டியும் எடுத்து ஊற்றினேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். விளக்கு வைத்து, மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருகிறேன், எதிர்வீட்டுப் பேத்தி கையில் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறாள்.

“தாத்தா, ஆயா உறைக்குக் கொஞ்சம் தயிர் வாங்கியாறச் சொல்லுச்சு. மாமா வந்து எல்லாத்தையும் ஊத்திச் சாப்ட்டுடுச்சு.”

“விளக்கு வெச்சாச்சே, கண்ணு.”

இன்னொரு கையை விரித்துக் காட்டினாள். உள்ளே நாலு மல்லாட்டை இருந்தது. வாங்கி, உரித்து, ஊறப்போட்டிருந்ததோடு சேர்த்துப் போட்டுவிட்டு, அவளுடைய கிண்ணத்தில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தேன்.